வெள்ளைத் துணி விரித்த மேசை

(மாணவர் படிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாப்பாடும் சாதியும் பற்றிப் பேசச் சொன்னீங்க. நான் பேசப்போவது கஞ்சியைப் பற்றியோ கருவாட்டைப் பற்றியோ இல்லை. பேர்பெற்ற சமையல்காரர் ஒருவருடைய, மேசையில் வெள்ளைத் துணி விரித்த ஒரு ஓட்டலைப் பற்றி. பட்டினியைப் பேசவேண்டிய இடத்தில் இதென்ன மேட்டுக்குடிப் பேச்சு என்று முன்வரிசையில் ஒரு தோழர் முகம் சுளிக்கிறார். சரிதான். அந்தச் சுளிப்பு எனக்குள்ளேயும் இருக்கு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

போன வருஷம் எங்க பேங்கில் ஒருத்தருக்குப் பதவி உயர்வு. எல்லாரையும் நகரத்தில் ஒரு பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப் போனார். வெள்ளை விரிப்பு, மடித்து நிறுத்திய துணி, இரண்டு முள்கரண்டி. எங்க தாத்தா டீக்கடையில் கொட்டாங்குச்சியில் குடித்தவர். அப்பாவுக்குத் தனி கிளாஸ், குடித்ததும் தானே கழுவிக் கவிழ்த்து வைக்கணும். மூன்றாவது தலைமுறை ஏசி அறையில் உட்கார்ந்திருக்கேன். முன்னேற்றம்தானே? அப்போது மேசை துடைக்க வந்த பையன் என் பேச்சைக் கேட்டுட்டு, "அண்ணே, நம்ம பக்கமா? எந்த ஊருண்ணே?"ன்னான். ஊர்ப் பேரைச் சொன்னேன். "அங்க எந்தத் தெருண்ணே?"ன்னான். சுற்றிலும் ஆபீஸ் ஆட்கள். "பஸ் ஸ்டாண்டு பக்கம்"ன்னு சொல்லிட்டேன். எங்க தெரு பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். அவன் கேட்டது சாதி பார்க்கவா, சொந்தம் தேடவா? எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் அவன் எங்க மேசைக்கு வரலை.

அந்த ராத்திரி தூக்கம் வராமல் ஒரு கறுப்பினப் பெண்ணைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். லியா சேஸ். 1923இல் பிறந்து 2019இல் இறந்தவர். அமெரிக்காவில், லூசியானா மாநிலத்தில், நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் சமையல்காரர்.

சின்ன வயசில் அவர் வெள்ளையர் ஓட்டலில் பரிமாறுகிற வேலை பார்த்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போகலாம். அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. சமைக்கிற கை தீட்டில்லை, சாப்பிடுகிற வாய்தான் தீட்டு. இந்தக் கணக்கு நமக்குப் புதுசா? நாம் அறுத்த நெல் தீட்டில்லை, நாம் தொட்ட சோறு தீட்டு. ஆதிக்கம் எங்கே இருந்தாலும் நம் உழைப்பை உள்ளே எடுத்துக்கொண்டு உடலை வெளியே நிறுத்துது.

1946இல் அவருக்குக் கல்யாணம். கணவர் வீட்டார் ட்ரெமே என்கிற கறுப்பர் பகுதியில் 1941 முதல் 'டூக்கி சேஸ்' என்று ஒரு சின்னக் கடை நடத்தினார்கள். சாண்ட்விச்சும் லாட்டரிச் சீட்டும் விற்கிற கடை. லியா உள்ளே வந்து அதை மாற்றினார். வெள்ளையர் ஓட்டலில் பார்த்த மேசைவிரிப்பு, நல்ல பாத்திரங்கள் எல்லாம் இங்கே வந்தன. வெள்ளையரைப் போலச் செய்கிறார் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைச்சேன். ஆனால் அந்த மேசையில் என்ன வைத்தார் என்று பாருங்க. கம்போ. அது குழம்பு மாதிரி ஒரு கலவை. அந்தப் பேரே ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அடிமைக் கப்பல் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த காய் அது. அடிமைகளின் அடுப்பில் வெந்ததை, தலைகுனியாமல் உட்கார்ந்து சாப்பிடுகிற மேசையில் கொண்டுவந்து வைத்தார். மேசை அவர்களுடையது மாதிரி இருந்தாலும் சோறு நம்முடையது. அதனால் அதை நகலெடுத்தல் என்று தள்ளிவிட என்னால் முடியலை.

பேங்கில் காசு எண்ணுகிறவன் என்பதால் எனக்கு இன்னொரு செய்தி பிடிக்கும். அந்தப் பகுதியில் கறுப்பர்களை மதித்து நடத்துகிற பேங்க் இல்லாத காலம். வெள்ளிக்கிழமை சம்பளச் செக்கோடு தொழிலாளிகள் டூக்கி சேஸுக்கு வருவார்கள். கடைக்காரர் செக்கை வாங்கிக்கொண்டு ரொக்கம் கொடுப்பார். ஒரு சாண்ட்விச், ஒரு பானம், கையில் காசு. நம்ம ஊரில் எத்தனை பேர் என் கவுண்டர் முன்னால் படிவத்தை நீட்டிக்கொண்டு, உட்காரச் சொல்ல ஆளில்லாமல் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு ஓட்டல் பேங்க் வேலை பார்த்ததற்குக் காரணம், பேங்க் தன் வேலையைப் பார்க்கவில்லை என்பதுதான்.

1960 பிப்ரவரி 1. வட கரோலினா மாநிலம் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் ஒரு பெரிய கடையின் சாப்பாட்டுக் கவுண்டரில் உட்கார்ந்தார்கள். பரிமாற மறுத்தார்கள். எழுந்திருக்க மறுத்தார்கள். உட்காருவதே போராட்டம். அதே வருஷம் செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸிலும் மாணவர்கள் உட்கார்ந்தார்கள், கைதானார்கள். வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து உட்காருவதைச் சட்டமும் வழக்கமும் தடுத்த அந்த நகரத்தில், டூக்கி சேஸின் மாடி அறையில் இரு நிறத்தாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். லியா கம்போவும் வறுத்த கோழியும் மேலே அனுப்பிக்கொண்டிருந்தார். கடைமேல் ஒருமுறை குண்டு வீசினார்கள். அடுப்பு அணையவில்லை. மேடையில் பேசியவர்கள் பேரைத்தான் வரலாறு எழுதி வைக்கும். அவர்களுக்குச் சோறு போட்ட கைக்கு எப்போதும் ஒருவரி. நம் இயக்கமும் இதில் யோக்கியமில்லை, தோழர்களே.

1964 ஜூலையில் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஓட்டலில் இனம் பார்த்து ஒதுக்கக் கூடாது. உடனே அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் ஓலீஸ் பார்பெக்யூ என்கிற கடைக்காரர் கோர்ட்டுக்குப் போனார். அந்தக் கடையில் வேலையாட்கள் 36 பேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பர்கள். ஆனால் கறுப்பர்கள் உட்கார்ந்து சாப்பிட முடியாது, பொட்டலம் வாங்கிக்கொண்டு போகலாம். டிசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் கடைக்காரருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. எதை வைத்து? மனித மானத்தை வைத்தா? இல்லை. கடை வாங்கின உணவுப் பொருளில் ஏறத்தாழ பாதி வெளி மாநிலத்திலிருந்து வந்த இறைச்சி, ஆகவே இது மாநிலங்களுக்கிடையிலான வணிகம், அதில் நாடாளுமன்றம் தலையிடலாம் என்றது. இறைச்சிக்கு எல்லை தாண்டும் உரிமை இருந்ததால் மனிதனுக்கு நாற்காலி கிடைத்தது!

நம் அரசியல் சட்டம் அதற்கு 14 வருஷம் முன்னாலேயே, 1950இல், 15ஆம் பிரிவில் கடை, உணவகம் என்று பேர் சொல்லியே எழுதிவிட்டது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அண்ணல் வரைவுக்குழுத் தலைவராக இருந்த சட்டம். எழுத்தில் நாம் முந்தி. ஆனால் எங்க அப்பா தனி கிளாஸில் குடித்தது அந்த எழுத்துக்குப் பிறகுதான். ஆகவே சட்டம் போதும் என்று நான் சொல்ல வரலை.

நாற்காலி மட்டும் போதும் என்றும் சொல்ல வரலை. 1968இல் மெம்பிஸ் நகரத்துக் கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குப்பை லாரியின் இயந்திரத்தில் இரண்டு தொழிலாளிகள் நசுங்கிச் செத்தது அதற்கு உடனடிக் காரணம். அங்கே போய்ப் பேசிய மார்ட்டின் லூதர் கிங் கேட்டார்: கவுண்டரில் உட்கார உரிமை கிடைத்து என்ன பயன், வாங்கித் தின்னக் காசில்லையென்றால்? அடுத்த மாதம் அதே ஊரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இன்றைக்கும் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி டிப்ஸ் வாங்குகிற பரிமாறுபவருக்கு முதலாளி கொடுக்கவேண்டிய அடிப்படைக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991இலிருந்து அது ஏறவே இல்லை. மீதி, சாப்பிட வருகிறவன் தருகிற டிப்ஸிலிருந்து; அது குறைந்தபட்சக் கூலியை எட்டாவிட்டால்தான் முதலாளி ஈடுகட்டணும். லூசியானாவிலும் அதுதான் கணக்கு. வெள்ளை விரிப்பின் மறுபக்கம் இது.

அப்புறம் ஏன் லியா சேஸைப் பேசுறேன்? 2008இல் ஒபாமா அங்கே சாப்பிட வந்தார். ருசி பார்க்கும் முன்பே கம்போவில் காரச் சாறை ஊற்றினார். லியா அதட்டினார்: என் கம்போவில் அதை ஊற்றக் கூடாதுன்னு. அவர் குரலில் பணிவு இல்லை, தன் சமையல் இன்னதென்று தெரிந்தவரின் குரல். 2005 கத்ரீனா புயலில் கடை மூழ்கியது. எண்பது வயசு தாண்டிய பெண், கடைக்கு எதிரில் அரசு கொடுத்த வண்டிவீட்டில் கணவரோடு தங்கி, 2007இல் மறுபடி திறந்தார்.

என் பங்குக்கு அந்த மேசையில் நான் என்ன செய்தேன்? முள்கரண்டியைச் சரியாகப் பிடிச்சேன், தெருவின் பேரை மறைச்சேன். டூக்கி சேஸில் உட்கார்ந்தவர்கள் தெருவை மறைக்க வேண்டியிருக்கவில்லை, ஏன்னா அந்த ஓட்டல் அவங்க தெருவிலேயே இருந்தது. மற்றவர்கள்தான் அந்தத் தெருவைத் தேடி வந்தார்கள். நமக்கு நல்ல ஓட்டலுக்குள் போகிற உரிமையும் வேணும், நம் தெருவில் நம் சமையலுக்கு நல்ல மேசையும் வேணும், அதைத் துடைக்கிறவனுக்கு ஒழுங்கான கூலியும் வேணும். இதில் ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிப்போடுகிற பேச்சை நான் ஏற்கலை.

கடைசியாக ஒன்று. மதியச் சாப்பாடு பின்னால் தயாராகுது, வாசம் வருது. காலையிலிருந்து மூன்று அக்காமார்கள் சமைக்கிறாங்க. போன கூட்டத்தில் நாம் எல்லாம் சாப்பிட்டு முடிச்சப்புறம் அவங்க நின்னுக்கிட்டே அடிச்சட்டியில் இருந்ததைச் சாப்பிட்டாங்க. நான் பார்த்தேன், ஒன்றும் சொல்லலை. இன்றைக்கு முதல் பந்தியில் அவங்களை உட்கார வைப்போம். பரிமாற நான் வர்றேன். இன்னும் ரெண்டு பேர் எழுந்திரிங்க.