நெஞ்சிற் சுமந்த பெயர்கள்



மரதன் ஓட்டம் ஒரு தூதிலே தொடங்கியது என்பது கிரேக்கரின் மரபுக்கதை. மரதன் போர்க்களத்திலிருந்து வெற்றிச் செய்தியைச் சுமந்து ஏதென்ஸ் நகருக்கு ஓடிய வீரன், அதனைச் சொன்ன அளவிலே உயிர்நீத்தான் என்பர். வரலாற்றாசிரியர் யாவரும் இதனை ஒப்புவதில்லை. ஆயினும் ஓடுபவன் தன் உடலோடு ஒரு செய்தியையும் சுமக்கின்றான் என்ற உண்மை அக்கதையிலே பொதிந்துள்ளது. அத்தகைய செய்தி ஒன்றைச் சுமந்த ஓட்டவீரர் ஒருவரைப் பற்றி இன்று உங்களோடு பேச விழைகின்றேன்.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 1897ஆம் ஆண்டு முதல் மரதன் ஓட்டம் நடைபெற்று வருகின்றது. 2013 ஏப்ரில் 15ஆம் திகதி, அதன் முடிவுக் கோட்டருகே இரண்டு குண்டுகள் அடுத்தடுத்து வெடித்தன. மூவர் மாண்டனர், இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். மாண்ட மூவரும் ஓட வந்தவரல்லர், பார்க்க வந்தவர்கள். அவர்களுள் ஒரு சிறுவனும், சீனத்திலிருந்து படிக்க வந்த மாணவி ஒருத்தியும் இருந்தனர். சில நாட்களின் பின் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அன்று பார்வையாளராக அங்கு வந்திருந்து, குண்டு வெடிப்பதற்குச் சற்று முன்னரே அகன்றவர் மெப் கெப்லெஸிகி. எரித்திரியாவிலே பிறந்து, போரினால் நாடிழந்து, 1987இல் தமது பன்னிரண்டாவது வயதில் அமெரிக்கா சேர்ந்தவர் அவர். 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், மரதனிலிருந்து ஏதென்ஸுக்குச் செல்லும் அந்தப் பழைய வழியிலேயே ஓடி வெள்ளிப்பதக்கம் வென்றவர். 2014இல் மீண்டும் பொஸ்டனுக்கு வந்தார். நெஞ்சிலே குத்தியிருந்த இலக்கத் தாளின் நான்கு மூலைகளிலும் அந்த நால்வரின் பெயர்களைத் தம் கையாலே எழுதிக்கொண்டு ஓடினார். இறுதிக் கட்டத்தில் பின்னால் வந்தவர் நெருங்கிவிட்ட போதும் தளராது, 2 மணி 8 நிமிடம் 37 செக்கனில், பதினொரு செக்கன் வித்தியாசத்தில் வென்றார். 1983க்குப் பின்னர் ஆண்கள் பிரிவில் அமெரிக்கர் ஒருவர் அங்கு பெற்ற முதல் வெற்றி அது.

இச்செய்தியைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது நம் நடுகல் மரபு. வீழ்ந்தவனின் பெயரும் பெருமையும் கல்லிலே பொறித்து, வழிச்செல்வோர் காணுமாறு நிறுத்திய செய்திகளைச் சங்கப் பாடல்களிற் காண்கின்றோம். தொல்காப்பியம் புறத்திணையியலில் கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவது வரை அதன் நிலைகளை வகுத்துரைக்கின்றது. நடுகல் நின்ற இடத்தில் நிற்கும். காண்பவர் அதனிடம் செல்லவேண்டும். கெப்லெஸிகியின் நெஞ்சிலிருந்ததோ ஓடும் நடுகல். அதிலே தன் குலத்தார் பெயர் ஒன்றேனும் இல்லை. அகதியாக வந்த ஒருவர், தாம் அறியாத நால்வரின் பெயர்களைத் தம் வியர்வை நனைக்கச் சுமந்தார்.

நேயர்களே, மரதன் நமக்கும் அந்நியமன்று. பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் மரதன் ஓட்டமும் வரும். நானும் மாணவப் பருவத்தில் ஓடியிருக்கின்றேன். ஊரவர் படலையைத் திறந்து தெருவோரம் வந்து நிற்பர். ஒருவர் செம்பிலே தண்ணீர் வார்ப்பார்; இன்னொருவர் தோடம்பழத் துண்டு நீட்டுவார். ஓடி வருபவன் எந்த இல்லத்துப் பிள்ளை என்று எவரும் கேட்பதில்லை. தாகத்தோடு வருகின்றான் என்பதே அவர்களுக்குப் போதுமானது.

இந்த நாட்டிலும் ஒரு மரதன் ஓட்டம் இரத்தத்தில் தோய்ந்தது. 2008 ஏப்ரில் 6ஆம் திகதி, கம்பஹா மாவட்டம் வெலிவேரியாவில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய மரதன் ஓட்டம் தொடங்கும் வேளையில் தற்கொலைக் குண்டு வெடித்தது. அமைச்சர் ஜெயராஜ் பெர்னாண்டோபுள்ளே கொல்லப்பட்டார். 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் மரதன் ஓடிய கே. ஏ. கருணாரத்ன, மெய்வல்லுநர் பயிற்றுநர் லக்ஷ்மன் டி அல்விஸ் ஆகியோரும் அதில் உயிரிழந்தனர். அமைச்சரின் பெயர் அரசியலோடு சேர்ந்து நினைவில் நிற்கின்றது. ஒலிம்பிக்கில் இந்நாட்டுக்காக ஓடிய அந்தக் கால்களை எத்தனை தமிழ் மாணவர் அறிவர்?

மரணச் செய்தி கேட்டதும், "செத்தவர் யாருடைய ஆள்?" என்று வினவும் வழக்கம் போர்க்காலத்தில் எல்லாத் தரப்பிலும் வேரூன்றியது. வடக்கிலே மாண்டோர் பெயர் தெற்கிலே ஒலிப்பது அரிது. தெற்கிலே மாண்டோர் பெயர் வடக்கிலே ஒலிப்பதும் அரிது. அவரவர் நடுகல் அவரவர் முற்றத்திலே நிற்கின்றது. தன்னவரை நினைந்து அழுவது எவருக்கும் உரிய உரிமை. அதனை மறுக்க எவராலும் ஆகாது. ஆயின், மற்றவரின் பெயரையும் ஒருமுறை உச்சரித்துப் பார்ப்பதால் நம் துயரம் சிறுத்துப் போவதில்லை.

வரும் ஆண்டு இல்ல மரதனில் ஓடப்போகும் பிள்ளைகளுக்கு வெலிவேரியாவின் கதையையும் நாம் சொல்லலாம். நம் ஊரிலே வீழ்ந்தோர் கதையோடு சேர்த்தே சொல்லலாம். யாருடைய பெயரை நெஞ்சிலே எழுதிக்கொள்வது என்பதை அந்தப் பிள்ளைகளே முடிவுசெய்யட்டும்.