தாதியர் மாணவியரும் கைத்தொலைபேசியும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியைப் பற்றியது. தாதித் தொழில் பயிலும் நம் பிள்ளைகளின் கையில் அது இருக்கும்போது, ஒரு நோயாளியின் உயிரும் அதனோடு சேர்ந்துவிடுகின்றது.

நோயாளரைப் பேணும் பணி யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் வைத்தியர் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இன்று தாதியர் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் நம் பிள்ளைகள் இப்பணியைப் பயில்கின்றனர்.

ஒரு லீற்றர் சேலைனை எட்டு மணி நேரத்தில் ஏற்றும்படி வைத்தியர் பணிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் குழாயாயின், நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 துளி விழவேண்டும். மாணவி கடிகாரத்தைப் பார்த்து எண்ணுகிறாள். முப்பதாவது துளியில் சட்டைப்பையிலுள்ள கருவி அதிர்கின்றது, எண்ணிக்கை தவறுகின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணினால் பாதகமில்லை. எண்ணாமலே விட்டுவிட்டால்?

கருவியைப் பழிப்பதும் முறையன்று. 2020இல் கொரோனா வந்து வகுப்பறைகள் மூடப்பட்டபோது பாடம் அதன் வழியேதான் வந்தது. மருந்தின் அளவைச் சரிபார்க்கவும் அது உதவுகின்றது. பழக்கம் எல்லை மீறும்போதுதான் துன்பம். அதனை அளக்கக் கொரிய நாட்டு அறிஞர் 2013இல் பத்து வினாக்கள் கொண்ட அளவுகோலொன்றை வெளியிட்டனர். செய்ய எண்ணிய வேலை தவறுகின்றதா, வகுப்பில் மனம் ஊன்றவில்லையா, கழுத்தும் மணிக்கட்டும் நோகின்றனவா, கருவியின்றி இருக்க முடியவில்லையா என்பன அவற்றுட் சில. உலக சுகாதார நிறுவனம் இதனைத் தனி நோயாக வகுக்கவில்லை. ஆயினும் உறக்கம் கெட்ட பிள்ளையின் வாட்டத்தை நாம் கண்ணாற் காண்கிறோம். இரவில் திரையின் ஒளி, உறக்கத்தை வருவிக்கும் சுரப்பைக் குறைக்கின்றது. இரவுக் கடமையால் ஏற்கெனவே உறக்கம் குலைந்தவர்க்கு இது இரட்டைச் சுமை.

1990களில், மின்சாரமின்றி வாழ்ந்த காலத்தை மூத்தோர் மறந்திரார். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். கை ஓய்ந்தால் வானொலியும் ஓயும். இன்றைய திரைக்கோ ஓய்வில்லை. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டேயிருக்கும். நிறுத்தும் பொறுப்பு நம்மிடமே உள்ளது.

பிள்ளைகளை மட்டும் குறை கூறுதல் நியாயமாகாது. கோடையில் இலண்டனில் இரவு ஒன்பது மணியென்றால் இங்கே நடுநிசி கடந்து ஒன்றரை மணி. "தங்கச்சி, சாப்பிட்டியா?" என்று அந்நேரத்தில் அழைக்கும் அண்ணனின் அன்பு மெய்யே, எனினும் அவள் உறக்கம் போகின்றதே! இரவுக் கடமை முடித்துப் பகலில் உறங்குபவளை அழைத்து, எடுக்கவில்லையென்று கோபிக்கும் பெற்றோரும் நம்மிடையே உண்டு.

ஆதலால் மூன்று காரியங்களைச் செய்வோம். நோயாளியின் கட்டிலருகே நிற்கும்போது கருவி பெட்டகத்தில் இருக்கட்டும். உறங்கும்போது அது நுளம்பு வலைக்கு வெளியே, கைக்கெட்டாத் தூரத்தில் இருக்கட்டும். வீட்டார் கடமை அட்டவணையைக் கேட்டறிந்து அதற்கேற்ப அழைக்கட்டும்.

வாலிபர்களே, இக்கூட்டம் தொடங்கிய பின் நம்மில் எத்தனை பேர் கருவியை எடுத்துப் பார்த்தோம்? நாளை நாம் நோயுற்றுக் கிடக்கும்போது, நம் துளிகளை எண்ணப்போகிறவர் இப்பிள்ளைகளே. அவர்களது அந்த ஒரு நிமிடத்தைக் காப்பது நம் எல்லோரதும் கடன் என்று கூறி அமைகின்றோம்.