வரிசை ஏன் நீள்கிறது?



கைபேசியில் ஒரு பக்கத்தைத் திறக்கிறோம். வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. வேகம் பத்தவில்லை என்று அலுத்துக்கொள்கிறோம். ஆனால் இணைப்பில் இடம் மிச்சம் இருக்கும்போதே காத்திருப்பு தொடங்கிவிடுகிறது என்கிறது கணிதம்.

இதற்கு அடித்தளம் போட்டவர் ஆக்னர் எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த டென்மார்க் கணிதவியலாளர். தொலைபேசி அழைப்புகள் முன்னேற்பாடு செய்துகொண்டு வருவதில்லை. ஒரு நிமிடம் ஒன்றும் வராது. அடுத்த நிமிடம் ஐந்தாறு சேர்ந்து வரும். அந்த ஒழுங்கின்மையே நிகழ்தகவு விதிக்குள் அடங்கும் என்று 1909-இல் காட்டினார். எத்தனை லைன்கள் இருந்தால் எத்தனை பேர் காத்திருக்க நேரும் என்று கணக்கிடும் சூத்திரத்தை 1917-இல் தந்தார்.

அந்த வழியில் வந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இணையத்தில் தகவலை வழியனுப்பும் கருவியான ஒரு ரவுட்டர், நொடிக்குச் சராசரியாக 100 பாக்கெட்டுகளை, அதாவது தகவல் துண்டுகளை, அனுப்பும் என்று வைத்துக்கொள்வோம். வரவும் சரி, பாக்கெட்டின் நீளமும் சரி, தற்செயலாகக் கூடிக் குறையும். நொடிக்கு 50 வந்தால், ஒரு பாக்கெட் அங்கே தங்குவது சராசரியாக நொடியில் 50-இல் ஒரு பங்கு. 90 வந்தால் பத்தில் ஒரு பங்கு. 99 வந்தால்? முழுதாக ஒரு நொடி! 100-இலிருந்து வரவைக் கழித்து, மீதியால் ஒன்றை வகுத்தால் போதும், விடை வந்துவிடும். 90-லிருந்து 99-க்கு வரவு கூடியது பத்து சதவீதம்தான்; தாமதமோ பத்து மடங்கு. இத்தனை சிறிய சூத்திரத்துக்குள் இவ்வளவு பெரிய எச்சரிக்கை இருப்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

எச்சரிக்கை 1986 அக்டோபரில் கலிபோர்னியாவில் பலித்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே சுமார் 400 கஜம்தான் தூரம். அந்த இணைப்பில் நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்தது 40 பிட்டாகச் சுருங்கியது. தாமதமான பாக்கெட்டுகள் தொலைந்துவிட்டதாக எண்ணி, கணினிகள் அவற்றையே திரும்பத் திரும்ப அனுப்பின. நெரிசல் மேலும் இறுகியது.

வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கரல்ஸும் தீர்வு கண்டார்கள். 1988-இல் அது கட்டுரையாக வெளிவந்தது. அனுப்பும் கணினி முதலில் கொஞ்சமாக அனுப்பி, வந்து சேர்ந்தது என்ற பதில் வரவர அளவைக் கூட்ட வேண்டும். பதில் வரும் நேரத்தின் சராசரியோடு, அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் அளக்க வேண்டும். இன்றைய கணினிகள் அந்தச் சராசரியோடு ஏற்ற இறக்கத்தின் நான்கு மடங்கைக் கூட்டி, அவ்வளவு நேரம் பொறுத்தும் பதில் வராவிட்டால் பாக்கெட்டை மறுபடி அனுப்புகின்றன.