கொட்டை பொறுக்கும் காலமும் கணக்குதான்



"எங்கள் பையன் இருபது வரைக்கும் சொல்வான்" என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பையனும் அஞ்சடியில் நின்று ஒரே மூச்சில் ஒப்பிக்கிறான். நல்லதுதான். ஆனால் அவனிடம், "தம்பி, ஐந்து ரப்பர் கொட்டை எடுத்து வா" என்று சொல்லிப் பாருங்கள். கை நிறைய அள்ளி வருவான். அதில் நான்கும் இருக்கலாம், ஒன்பதும் இருக்கலாம்.

ஏன் அப்படி? வாய் கற்றுக்கொண்டதைக் கையும் கண்ணும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு பொருளுக்கு ஓர் எண். எண்ணியதை மறுபடியும் எண்ணக்கூடாது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். இந்த மூன்றும் பிடிபட்டால்தான் பிள்ளைக்கு எண்ணத் தெரியும். இது பிடிபடாமல் முதலாம் ஆண்டு வகுப்பில் போய் உட்காரும் பிள்ளை, கூட்டல் வந்ததும் திகைத்துப் போகிறது. "இதற்குக் கணக்கு வராது" என்று நாம் முடிவுகட்டி விடுகிறோம். பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது.

அந்த நிலை வராமல் தடுக்கக் காசு செலவில்லை. தோட்டத்தில் பருவத்துக்குப் பருவம் கிடைப்பதே போதும்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரப்பர் மரம் இலை உதிர்க்கிறது. ஒரு காம்பை எடுத்துக் காட்டுவோம். அதில் மூன்று இலைகள் இருக்கும். இரண்டு காம்புகளில் எத்தனை? பிள்ளையே தொட்டுத் தொட்டு எண்ணட்டும். பிறகு பெரியது முதல் சிறியது வரை வரிசையாக அடுக்கட்டும்.

ஆண்டின் நடுவில் ரம்புத்தான் பழுக்கிறது. பங்கு போடும் வேலையைப் பிள்ளையிடமே கொடுப்போம். "தாத்தாவுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று, தங்கச்சிக்கு ஒன்று" என்று சுற்றி வரட்டும். முடிந்ததும், "யாருக்குக் கூட? யாருக்குக் குறைவு?" என்று கேட்போம். வகுத்தலுக்கு இதுதான் முதல் படி. பங்கு குறைந்த தங்கச்சி சும்மா இருக்கமாட்டாள். தப்பு தானே திருந்திவிடும்!

ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் காய் வெடித்துக் கொட்டை சிதறும். ஐந்து கொட்டைகளை நெருக்கமாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். பிறகு அவன் கண்ணெதிரிலேயே அவற்றை அகலமாகப் பரப்பி, "இப்போது எத்தனை?" என்று கேளுங்கள். நான்கு வயதுப் பிள்ளைகள் பலர், "கூடிப் போச்சு" என்பார்கள். சிரிக்க வேண்டாம், அதட்டவும் வேண்டாம். "எண்ணிப் பாரேன்" என்றால் போதும். பரப்பினாலும் குவித்தாலும் ஐந்து ஐந்துதான் என்பதை நாம் சொல்லிக் கொடுக்க முடியாது. அவனே கண்டுபிடிக்க வேண்டும். பாட்டிமார் பல்லாங்குழியில் குழிக்கு ஒன்றாகப் போடச் சொல்லித் தருவதும் இதே பாடம்தான்.

ஒரு எச்சரிக்கை. பச்சை ரப்பர் கொட்டையில் நஞ்சு உண்டு. பிள்ளைகள் அதை உடைக்கவோ வாயில் வைக்கவோ விடக்கூடாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். விளையாடி முடிந்ததும் கை கழுவட்டும். எதையும் வாயில் போட்டுக்கொள்ளும் சின்னக் குழந்தைக்கு இந்த விளையாட்டு வேண்டாம். செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்கள் கூழாங்கல்லை வைத்துக்கொள்ளலாம்.

ஆண்டு இறுதியில் மழை பிடித்துக்கொள்ளும். அப்போது அஞ்சடியில் ஒரு வாளியும் ஒரு பால் டின்னும் போதும். "வாளி நிறைய எத்தனை டின் தண்ணீர் வேண்டும்?" முதலில் பிள்ளை ஊகித்துச் சொல்லட்டும், பிறகு ஊற்றி எண்ணட்டும். பத்து என்று சொல்லிப் பதினான்கு வந்தால் அது தோல்வி அல்ல. அளவை என்பது அங்கேதான் தொடங்குகிறது. ஆட்டம் முடிந்ததும் வாளியையும் டின்னையும் கவிழ்த்து வையுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

விடியற்காலையில் வேலைக்குப் போய்த் திரும்பும் நமக்கு நேரம் ஏது என்று கேட்கலாம். இதற்குப் பத்து நிமிடம் போதும். நாம் களைத்திருந்தால் தாத்தா பாட்டி செய்யலாம். மூத்த பிள்ளைகளும் செய்யலாம். விடையை மட்டும் நாம் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது.

இருபது வரை ஒப்பிக்கும் பிள்ளையைப் பார்த்து மகிழ்வோம். ஐந்து கேட்டால் ஐந்தே கொண்டுவந்து நம் உள்ளங்கையில் வைக்கும் பிள்ளையைப் பார்த்து இன்னும் அதிகமாக மகிழ்வோம். அந்தப் பிள்ளை பள்ளிக்குத் தயாராகிவிட்டது.