மாணவர்கள் போன பிறகும் பைப்பில் தண்ணீர் வர வேண்டும்

(தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகளுக்கான கல்விக் கருத்தரங்கில் பொறியியலாளர் ஒருவர் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஓய்வு நாள் இல்லை என்பது எனக்குத் தெரியும். விறகு, துணி, ரேஷன் சாமான் எல்லாம் இன்றைக்குத்தான். அதை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

நான் லயத்தில் பிறந்தவன். அம்மா கொழுந்து எடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். இன்று பேராதனையிலும் மொரட்டுவையிலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் பொறியியல் பீடங்களில் நம் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்கள் படிக்கிற காலத்திலேயே தங்கள் படிப்பைக் கொண்டு ஊருக்கு ஏதாவது செய்ய ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. எனக்கும் அது இருந்தது.

இறுதியாண்டில் நாங்கள் பன்னிரண்டு பேர் ஒரு தோட்டத்துக்குப் போனோம். ஒக்டோபர் மாதம், நல்ல மழை. மேல் மலையில் ஓர் ஊற்றைக் கட்டினோம். குழாய் இழுத்து, தாங்கி வைத்து, லயத்துக்கு முன்னால் நான்கு பைப் பூட்டினோம். மாலை போட்டார்கள். போட்டோ எடுத்தோம். மார்ச் மாதம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனேன். ஓர் அக்கா பழைய பீலியிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தார். என்னைக் கண்டதும், “என்னாங்க தம்பி, போட்ட மாலை காயிறதுக்குள்ள பைப்பு நின்னுருச்சே” என்றார்.

மேலே போய்ப் பார்த்தேன். தண்ணீர் உள்ளே போகிற வாயில் போட்டிருந்த வலையை இலை அடைத்திருந்தது. அரை மணி நேர வேலை. ஆனால் தொட்டியின் மூடிக்கு நாங்கள் பூட்டுப் போட்டிருந்தோம். சாவி எங்களோடு பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டது! யாரிடமும் கொடுக்கவில்லை, யாருக்கும் பழக்கவும் இல்லை. கல்லால் பூட்டை உடைத்து வலையைக் கழுவினேன். அதன் பிறகும் தண்ணீர் நூல் மாதிரிதான் வந்தது. மழைக் காலத்தில் அளந்த ஊற்றை நம்பி மாசி, பங்குனிக்கும் கணக்குப் போட்டிருந்தோம். கூலி வாங்காமல் செய்த வேலை என்பதால் எங்களை யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட வேலை உலகம் முழுவதும் நடக்கிறது. மத்திய அமெரிக்காவில் பெலீஸ் என்று ஒரு சிறிய நாடு. அதன் தெற்கே, வாழைத் தோட்டங்கள் நிறைந்த பகுதியில் சான் பாப்லோ என்று ஒரு கிராமம். அங்கே சிறு பெண் பிள்ளைகள் ஆற்றிலிருந்து தண்ணீர் சுமப்பதால் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்னார்ட் அமதேய் இதை நேரில் கண்டார். அடுத்த வருடம் எட்டு மாணவர்களோடு திரும்பி வந்தார். பக்கத்து அருவியின் விசையாலேயே இயங்கும் நீர்த் திட்டம் ஒன்றை அமைத்தார்கள். மொத்தச் செலவு ஏறத்தாழ 14,000 டொலர். இதிலிருந்துதான் ‘எல்லைகளற்ற பொறியியலாளர்கள்’ என்ற அமெரிக்க அமைப்பு 2002இல் பிறந்தது.

நான் கவனிக்கச் சொல்வது அதற்குப் பிறகு அவர்கள் போட்டுக்கொண்ட விதியை. ஓர் ஊருக்குள் கால் வைத்தால் குறைந்தது ஐந்து வருடம் அந்த ஊரோடு இருக்க வேண்டும். அமெரிக்காவிலேயே பர்டியூ பல்கலைக்கழகம் 1995இல் ஒரு முறையைத் தொடங்கியது. முதலாம் ஆண்டு மாணவரும் இறுதியாண்டு மாணவரும் ஒரே குழுவில் வேலை செய்கிறார்கள். மூத்தவர்கள் பட்டம் வாங்கிப் போனாலும் இளையவர்கள் வேலையைத் தொடர்கிறார்கள். கனடாவில் இதே பெயரில் இயங்கும் அமைப்பு 2008 முதல், தாங்கள் எங்கே தோற்றோம் என்று வருடா வருடம் அறிக்கையே அச்சடித்து வெளியிட்டது. நாங்கள் பன்னிரண்டு பேரும் எழுதியிருந்தால் அந்தச் சாவிதான் முதல் பக்கத்தில் வந்திருக்கும்.

சரி, நம் தோட்டத்துக்கு மாணவர்கள் வந்தால் என்ன செய்வது? முதலில் தண்ணீரை நாமே அளப்போம். இதற்குப் பட்டம் தேவையில்லை. 20 லீட்டர் வாளி ஒன்றும் கையில் ஒரு போனும் போதும். வாளி நிறைய எத்தனை விநாடி என்று பாருங்கள். 40 விநாடி என்றால் ஒரு நாளைக்கு 43,200 லீட்டர். லயத்தில் 60 குடும்பம், வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு 50 லீட்டர் என்று வைத்தால் தேவை 15,000 லீட்டர்தான். தாராளம். ஆனால் அதே வாளி மார்ச் மாதத்தில் நிறைய மூன்று நிமிடம் எடுத்தால், கிடைப்பது 9,600 லீட்டர். அந்தத் தேவைக்குப் போதாது. ஆகவே காய்ந்த மாதத்துக் கணக்கைத்தான் மாணவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

ஊற்றுக்கு மேலே மருந்து அடிக்கிற தேயிலை மலை இருக்கிறதா, கக்கூஸ் குழி இருக்கிறதா என்பது நமக்குத்தான் தெரியும். வந்தவர்களிடம் அதைச் சொல்லுங்கள். குடிக்கும் முன் தண்ணீரைப் பரிசோதித்துத் தரும்படி கேளுங்கள். குழாய் போகிற நிலத்துக்கு நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப் பேச்சு, துரை மாறியதும் மாறிவிடும். பராமரிப்புக்கு இரண்டு பேரைப் பழக்கச் சொல்லுங்கள், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். குடம் தூக்குகிறவருக்குத்தான் பைப் நின்றது முதலில் தெரியும். சாவியை அவரிடமே கொடுங்கள்.

இங்கே ஒரு தலைவர் தேநீர் நேரத்தில் என்னிடம் கேட்டார்: “மாணவர்கள் சும்மா செய்து கொடுத்தால், தண்ணி தர வேண்டிய நிர்வாகம் கையைக் கழுவிடாதா?” நியாயமான பயம். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபோது லயத்துக் குழாய்களும் சேர்ந்துதான் போயின. லயத்துக்குக் குடிநீர் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. மாணவர் வேலை அதற்கு மாற்று ஆகாது. ஆனால் இதை இப்படியும் பாருங்கள். மாணவர்கள் வரைந்த படமும், நாம் அளந்த கணக்கும், இத்தனை மீட்டர் குழாய் இத்தனை ரூபாய் என்ற மதிப்பீடும் நம் கையில் இருந்தால், நிர்வாகத்தோடு பேச உட்காரும்போது “தண்ணி இல்லைங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வர வேண்டியதில்லை. சில தோட்டங்களில் கட்டுவதைவிட அந்த மதிப்பீடுதான் மாணவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே வருகிற பெப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் வாரத்துக்கு ஒரு தடவை உங்கள் பீலியை அளந்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். திகதி, விநாடி, இரண்டே வரி. பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கொப்பிகளை ஏப்ரலில் மாவட்டக் காரியாலயத்தில் கொடுங்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகளை அங்கே வரச் சொல்லியிருக்கிறேன். நானும் வருகிறேன்.