காலை நீர், மாலை நீர்

(தூத்துக்குடியில் மீன்வளப் பட்டதாரிகளுக்கு ஆற்றிய பட்டமளிப்பு விழா உரை)



பட்டமளிப்பு விழாவில் பேச வருகிறவர் வெற்றிக்கு வழி சொல்ல வேண்டும் என்பது மரபு. எனக்கு அந்த வழி தெரியாது. அதனால் ஒரு ஹேச்சரியில் நடந்ததைச் சொல்கிறேன். உங்களில் பலர் போகப்போகிற இடமும் ஹேச்சரிதான்.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், நெட்டார்ட்ஸ் விரிகுடாவின் கரையில் விஸ்கி க்ரீக் ஹேச்சரி இருக்கிறது. பசிபிக் ஆளி என்ற சிப்பியின் லார்வாக்களை வளர்த்து அந்நாட்டு மேற்குக் கரைப் பண்ணையாளர்களுக்கு விற்பது அதன் தொழில். 2007, 2008ஆம் ஆண்டுகளில் அங்கே தொட்டி தொட்டியாக லார்வாக்கள் செத்தன. முதலில் சந்தேகப்பட்டது யாரை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இறால் ஹேச்சரிக்குள் கால் வைத்த எவருக்கும் தெரியும்: விப்ரியோ. பாக்டீரியாவை ஒழிக்கக் கருவிகள் வாங்கிப் பொருத்தினார்கள். நீர் சுத்தமானது. சாவு நிற்கவில்லை.

மேலாளர் ஆலன் பார்ட்டன் வேறொன்றைக் கவனித்தார். கோடையில் வடக்கிலிருந்து காற்று அடித்துக் கடல் குளிர்ந்த நாட்களை ஒட்டியே லார்வாக்கள் செத்தன. நம் கரையில் வாடை என்போமே, அந்தத் திசைக் காற்று அங்கே கரையோர மேல்நீரைத் தள்ளிக்கொண்டு வெளியே போகிறது. அந்த இடத்துக்கு ஆழத்திலிருந்து நீர் ஏறி வருகிறது. 2007இல் ரிச்சர்ட் ஃபீலியும் உடன் சென்ற விஞ்ஞானிகளும் கனடாவிலிருந்து மெக்சிகோ வரை கப்பலில் போய் அந்த நீரை அளந்தார்கள். அது கடைசியாகக் காற்றைத் தொட்டது ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்கு முன்பு. அன்றைய புகைபோக்கிகள் விட்ட கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு கீழே போன நீர். இருட்டில் மக்கியவற்றின் வாயுவையும் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. இன்றைய புகையை வாங்கிய நீர் இனிமேல்தான் ஏறி வரும். இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள்.

ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பர்க் ஹேல்ஸ் ஒரு கருவி செய்திருந்தார். கடல்நீரின் கார்பன் கணக்கை நொடிக்கு நொடி சொல்லும் பெட்டி அது. மற்றவர்கள் கேலியாக அதற்கு பர்க்கோலேட்டர் என்று பெயர் வைத்தார்கள், பெயரும் நிலைத்துவிட்டது. அதை வைத்துப் பார்த்தபோது காலை நீர் வேறாகவும் மாலை நீர் வேறாகவும் இருந்தது. விரிகுடாவின் கடற்புல் பகலெல்லாம் ஒளிச்சேர்க்கை செய்து கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும், இரவில் திருப்பி விடும். ஆகவே பிற்பகலில் எடுத்த நீர் லார்வாவுக்கு ஏற்றது, விடியலில் எடுத்தது மோசம். அதே குழாய், அதே விரிகுடாதான்.

வேதியியல் உங்களுக்குப் பாடம்தான். கோலி சோடாவில் நாக்கைச் சுள்ளென்று பிடிக்கும் அதே கார்பானிக் அமிலம் கடலிலும் உண்டாகிறது. அது விடும் ஹைட்ரஜன் அயனிகள் கார்பனேட்டைப் பிடித்துக்கொள்கின்றன. ஓடு கட்ட வேண்டிய உயிருக்குச் சரக்கு குறைகிறது. முட்டையிலிருந்து வந்த ஆளி லார்வாவுக்கு இரை தின்ன வாய் வருவதற்குள், ஏறத்தாழ இரண்டே நாளில், முட்டை தந்த சத்தை மட்டும் வைத்து முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டும். நீர் ஒத்துழைக்காவிட்டால் இருப்பு முழுக்க ஓட்டுக்கே செலவாகிவிடும். அதனால்தான் சாவு சில நாள் கழித்துத் தெரிந்தது. பழி கிருமி மேல் விழுந்தது.

தீர்வு என்ன தெரியுமா? சலவை சோடா. தொட்டிக்கு வரும் நீரில் அளவாகக் கலந்தார்கள். உற்பத்தி மீண்டது. வாஷிங்டன் மாநிலத்தில் ஓர் ஆளிக் குடும்பமோ கடல் கடந்து ஹவாய்த் தீவில் ஹேச்சரி கட்டிக்கொண்டது.

சலவை சோடா என்றதும் இந்த ஊர்க்காரர்களுக்கு ஆல்கலி ஆலை நினைவுக்கு வந்திருக்கும். தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் தன் கொதிகலனின் நிலக்கரிப் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சோடா செய்யும் வேலையை 2016இல் தொடங்கியபோது உலகப் பத்திரிகைகள் எழுதின. ஆண்டுக்கு 60,000 டன் பிடிப்பது திட்டம். பாராட்ட வேண்டிய வேலை, சந்தேகமில்லை. ஆனால் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவிலிருந்து உலகம் விடுவது ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன். இப்படி ஆறு லட்சம் ஆலைகள் கட்டினாலும் கணக்கு நேராகாது. தொட்டிக்குச் சோடா போடலாம், வங்கக் கடலுக்குப் போட முடியாது. புகையை விடுகிற இடத்திலேயே குறைப்பதைத் தவிர வேறு வழி இருக்கிறது என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால், முதலில் டன் கணக்கைக் கேளுங்கள்.

நம் கடலுக்கு வருவோம். இந்தப் புகையால் பூமியில் தங்கும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலே வாங்குகிறது. மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் பவளங்கள் வெளுத்தன. 1980களின் நடுப்பகுதிவரை பெரும்பாலும் மலபார்க் கரையோடு நின்ற மத்தி, பிறகு தமிழ்நாட்டுக் கரையிலும் பெருவாரியாகக் கிடைக்கத் தொடங்கியது. நீர் சூடானதே காரணம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். நம் படகுக்காரருக்கு அது வரவுதான். எல்லா மாற்றமும் முதல் நாளே அழுதுகொண்டு வராது.

தொழிற்புரட்சிக்குப் பிறகு கடலின் மேல்நீர் பிஹெச் 8.2லிருந்து 8.1க்கு இறங்கியிருக்கிறது. கடல் இன்னும் காரம்தான். ஆனால் அது மடக்கை அளவு என்பதால் ஹைட்ரஜன் அயனி ஏறத்தாழ 30 சதவீதம் கூடிவிட்டது. பராமரிக்காத பிஹெச் மீட்டரின் பிழையே 0.1 இருக்கும் என்பதை ஆய்வகத்தில் கண்டிருப்பீர்கள். ஹவாய்க்கு வடக்கே அலோஹா என்ற கடலாய்வு நிலையத்துக்கு 1988 முதல் ஏறத்தாழ மாதம் ஒருமுறை கப்பலில் போய் நீர் எடுத்துவருகிறார்கள். புகழ் இல்லாத, அலுப்பூட்டும் வேலை. அது இல்லாமல் அந்த 0.1ஐ நம்பச் சொல்லி யாரிடமும் வாதாட முடிந்திருக்காது.

இந்த ஊரில்தான் 1973இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்து விளைவித்தார்கள். 1981இல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளை ஹேச்சரியிலேயே உண்டாக்கினார்கள். அந்தச் சிப்பியும் ஓடு கட்டித்தான் வாழ வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஹேச்சரிக்குப் போகிறவர்கள் பிஹெச் எண்ணோடு நிறுத்தாதீர்கள். காரத்தன்மை, வெப்பம், நீர் எடுத்த மணி, காற்றின் திசை, மீட்டரைச் சரிபார்த்த நாள் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். குஞ்சு செத்த நாளில் மட்டுமல்ல, நன்றாக இருந்த நாளிலும்.

வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள், தெரியும், குறை சொல்லவில்லை. கடன் மனுவோடு வரும் படகுக்காரரிடம் இந்த ஆண்டு எந்த மாதம், எத்தனை பாக ஆழத்தில், என்ன மீன் பட்டது என்று கேளுங்கள். படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்காது. ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.