வீட்டுக்குள் தொடங்கிய வீழ்ச்சி – காரைக்குடி கூட்டத்தில் ஆற்றிய உரை



பிள்ளையார்பட்டிக்கு அடிக்கடி போறோம். அந்தக் குடைவரை பாண்டியர் காலத்துதுன்னு நம்ம பிள்ளைகளுக்கு எத்தனை பேர் சொல்லியிருக்கோம்?

1216-இல் சோழரை வென்று எழுந்தது பிற்காலப் பாண்டியர் ஆட்சி. 1251-இல் பட்டமேறிய சடையவர்மன் சுந்தரபாண்டியன் நெல்லூர் வரை வென்றான். திருவரங்கத்துக்குப் பொன் வேய்ந்தான். 1279-க்குப் பிறகு சோழ அரசே இல்லை.

அவ்வளவு பெரிய அரசு எப்படிச் சாய்ந்தது? குலசேகர பாண்டியனின் மகன்கள் சுந்தரனும் வீரனும் அரியணைக்காக அடிச்சுக்கிட்டாங்க. 1311-இல் மாலிக் கபூரின் படை மதுரைக்குள் நுழைந்தபோது நாடு இரண்டுபட்டுக் கிடந்தது. அப்புறம் பழைய நிலைக்கு எழவே முடியல. பின்னால் வந்த பாண்டியர் தென்காசிப் பக்கம் ஒதுங்கினர்.

ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு பெரியவங்க சும்மா சொல்லல. பதவி யாருக்குங்கிறதை வீட்டுக்குள்ள பேசித் தீர்ப்போம். வாசல்ல ஒண்ணா நிற்போம்!